“சேனல் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்”: ஒரு கள்ளக்கணக்கு

“சேனலின் நிலை ரிசீவருக்குத் துல்லியமாகத் தெரியும் எனக் கொள்க.”

மக்களே, இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் வட்டாரத்தில் எத்தனை ஈசிஈ பசங்க கடைசி வருஷ புராஜெக்ட்டை முடித்திருப்பார்கள் என்று யாராவது எண்ணினால் நன்றாக இருக்கும். ரிப்போர்ட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், ‘அனுமானங்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே, பூனை மாதிரி பதுங்கி உட்கார்ந்திருக்கும். அதற்கப்புறம் அறுபது பக்கம் ஓடும். அழகழகான வளைகோடுகள். பிழை விகிதம் சரசரவென்று கீழே இறங்கும். எக்ஸ்டர்னல் தலையாட்டுவார். போண்டா, டீ, சுபம்.

நான் பி.காம். படிக்கிறவன். “உனக்கெதுக்குடா அல்ட்ரா வைட்பேண்டு?” என்று ஹாஸ்டலில் கேட்காதவன் கிடையாது. ஈசிஈ நண்பர்களின் ரிப்போர்ட்டை எழுத்துப்பிழை திருத்தித் தருகிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதில் இந்த வரியைப் பார்த்தபோது எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் ஞாபகம் வரவில்லை. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல்தான் ஞாபகம் வந்தது. பற்பல கடனாளிகள் ஒரு லட்சம். வாரா ஐயக்கடன் ஒதுக்கு: பூஜ்யம். இப்படி ஒரு இருப்புநிலைக் குறிப்பை எழுதிக்கொண்டு போனால் எங்கள் டிபார்ட்மெண்டில் பேப்பரைத் தூக்கி முகத்தில் எறிவார்கள். அங்கே அதற்கு முதல் வகுப்பு!

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

2002 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் எஃப்.சி.சி. ஒரு கதவைத் திறந்துவிட்டது. 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் ஏழரை கிகாஹெர்ட்ஸ் அகலம், லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம்-க்கு மேல் போகக் கூடாது. அதாவது சுமார் 74 நானோவாட். மொத்த அகலத்தையும் கூட்டினாலும் ஒரு மில்லிவாட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். பழைய ஜிஎஸ்எம் செல்போன் அதிகபட்சம் 2 வாட் வரை கத்தும். இது அதன் பக்கத்தில் கிசுகிசுக்கிற குரல். ஆனால் மிக அகலமான கிசுகிசுப்பு. அகலம் அதிகமென்றால் துடிப்பு குறுகல், ஒரு நானோ செகண்டுக்கும் குறைவாகக்கூட ஆக்கலாம். ஒரு நானோ செகண்டில் ரேடியோ அலை போகும் தூரம் 30 சென்டிமீட்டர், நம்ம ஸ்கூல் ஸ்கேல் நீளம்.

இதிலிருந்துதான் வினை ஆரம்பம். நாமக்கல் கோட்டைப் பாறைக்கு எதிரே திருவிழாவுக்குக் குழாய் ரேடியோ கட்டினால் ஒரே அறிவிப்பு இரண்டு மூன்று தடவை காதில் விழுமே, அதே கதைதான் ரேடியோ அலைக்கும். சுவர், பீரோ, ஃபேன், ஆள் என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். சாதாரண ரேடியோவில் பக்கத்துப் பக்கத்து எதிரொலிகள் ஒன்றோடொன்று குழைந்து ஒரே குரலாகிவிடும். அல்ட்ரா வைட்பேண்டில் துடிப்பு அவ்வளவு குறுகல் என்பதால், 30 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வருகிற எதிரொலிகூடத் தனித்தனியாக வந்து நிற்கும். ஐஈஈஈ 802.15.3ஏ குழு 2003-ல் நான்கு மாதிரிச் சேனல்களை வெளியிட்டது. அதில் நான்காவது, எதிரொலி மோசமாக இருக்கிற இடத்துக்கானது. அதில் வந்து சேர்கிற ஆற்றலில் 85 சதவீதத்தைப் பிடிக்க சராசரியாக 120-க்கும் மேற்பட்ட எதிரொலிகளைப் பொறுக்க வேண்டும்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். அனுப்பியதே அரை மில்லிவாட். அது 120 துண்டாக உடைந்து வருகிறது. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு தாமதமாக வந்தது, எவ்வளவு வலுவாக வந்தது, நேராக வந்ததா தலைகீழாக வந்ததா என்று ரிசீவர் கண்டுபிடித்தால்தான் அவற்றை ஒழுங்காகக் கூட்ட முடியும். இந்தக் கண்டுபிடிப்புக்குப் பேர்தான் சேனல் எஸ்டிமேஷன். கண்டுபிடிக்க முயலும் அதே துண்டுதான் இரைச்சலுக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிறது. அப்படியானால் வேலையிலேயே கஷ்டமான பகுதி எது? இதுதான். அதைத்தான் “தெரியும் என்று வைத்துக்கொள்வோம்” என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். கிணறு வெட்டுகிற புராஜெக்ட்டில் “தண்ணீர் இருக்கிறது எனக் கொள்க” என்று எழுதுகிற மாதிரி. ஊர் ஊராக ரிக் வண்டி அனுப்புகிற திருச்செங்கோட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

மேட்லேப்பில் இது எப்படி நடக்கிறது தெரியுமா? சேனலை உருவாக்குவதே நம்ம புரோகிராம்தான். அதே எண்களை ஒரு வேரியபிளில் போட்டு அப்படியே ரிசீவர் பக்கமும் கொடுத்துவிடுவார்கள். கேள்வித்தாள் எடுத்தவரே பரீட்சை எழுதுகிறவனுக்கு விடைத்தாளையும் கொடுத்தனுப்புகிறார். பையன் நூற்றுக்கு நூறு. இதில் என்ன ஆச்சரியம்?

சரி, பிழை இருந்தால் எவ்வளவு நஷ்டம்? “ரொம்பச் சின்னதுதான் மச்சி” என்பார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், காமர்ஸ்காரனுக்கும் வகுத்தல் பெருக்கல் வரும்.

வைமீடியா கூட்டணி கொண்டுவந்து, 2005 டிசம்பரில் ஈக்மா-368 என்ற தரமாக வெளிவந்த முறையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் 30 சிம்பல் முன்னுரை. அதில் கடைசி 6 சிம்பல் சேனலை அளப்பதற்கு மட்டும். மூன்று அலைவரிசைகளில் தாவித் தாவி அனுப்புவதால் ஒரு அலைவரிசைக்குக் கிடைப்பது இரண்டே அளவீடு. இரண்டு அளவீட்டின் சராசரியை எடுத்தால் அதில் மிஞ்சும் இரைச்சல் பாதி. அந்தப் பாதி, பின்னால் வரும் தகவலின் இரைச்சலோடு சேர்ந்துகொள்கிறது. ஆக மொத்தம் ஒன்றரை மடங்கு, டெசிபலில் 1.76. திறந்தவெளிக் கணக்கில் 10 மீட்டர் போகவேண்டியது 8.2 மீட்டரோடு நின்றுவிடும். பக்கத்து அதிர்வெண்களையும் சேர்த்துச் சராசரிப்படுத்தினால் இந்த நஷ்டத்தைக் குறைக்கலாம், உண்மைதான். ஆனால் அந்த வித்தையைப் பற்றி யோசிக்கவே, முதலில் நஷ்டம் என்று ஒன்று கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டுமே!

இது பிழையின் விலை. அளப்பதற்கே ஒரு விலை இருக்கிறது, அது நேரம். ஒரு சிம்பல் 312.5 நானோ செகண்ட். முன்னுரை 30, அதன்பின் தலைப்பு 12, மொத்தம் 42 சிம்பல். 13.125 மைக்ரோ செகண்ட். 1024 பைட் தகவலை 480 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஆகும் நேரம் சுமார் 17 மைக்ரோ செகண்ட்தான். சரக்கு 17, பேக்கிங் 13. பெட்டியின் மேல் 480 என்று அச்சடித்திருக்கும். கைக்கு வருவது 271. ஏற்புச் செய்தி, காத்திருப்பு நேரம் எதையும் இதில் நான் சேர்க்கவே இல்லை. தொடர்ச்சியாக அனுப்பும்போது பயன்படுத்த 18 சிம்பல் குட்டி முன்னுரை ஒன்றும் வைத்திருந்தார்கள். அதில் வெட்டியது எதைத் தெரியுமா? ஒத்திசைவுக்கான 24-ஐ 12 ஆக்கினார்கள். சேனல் அளக்கும் 6-ல் கை வைக்கவே இல்லை. தரத்தை எழுதியவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது. நம்ம புராஜெக்ட்டுகளுக்குத்தான் தெரியவில்லை.

நாமக்கல்லில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை. முட்டை விலை என்று ஒன்று அறிவிப்பார்கள், பேப்பரில் வரும். பண்ணைக்காரருக்கு வியாபாரி கொடுப்பது அதிலிருந்து ‘மைனஸ்’ போட்ட விலை. ஊரில் யாரும் அறிவிப்பு விலையை வைத்துத் தீவனக் கடனுக்குக் கணக்குப் போடுவதில்லை. மைனஸைக் கழித்துவிட்டுத்தான் பேச்சே. ‘சேனல் தெரியும்’ என்ற அனுமானத்தில் வருகிற வளைகோடு அறிவிப்பு விலை. நான் கேட்பது மைனஸ் எவ்வளவு என்று மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை. எதிரொலிகளைப் பொறுக்கிச் சேர்க்கிற ரிசீவருக்கு ‘ரேக்’ என்று பேர். 1958-ல் பிரைஸ், கிரீன் என்ற இருவர் முன்வைத்தது. வைக்கோல் வாருகிற, பல் வைத்த கருவியின் பேர் அது. எவ்வளவு பல் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று துல்லிய அனுமானத்தில் வரைந்த கோடு சொல்லும். நிஜத்தில் அப்படி இல்லை. வலுவான பத்து இருபது எதிரொலிக்குப் பிறகு வருவதெல்லாம் நோஞ்சான். அதை அளப்பதில் வரும் பிழை, அது கொண்டுவரும் ஆற்றலை விழுங்கிவிடும். லாரி ஃபைனான்ஸில் இருக்கிறவர்களுக்கு இது அத்துப்படி. முன்னூறு ரூபாய் பாக்கியை வசூலிக்க நானூறு ரூபாய் பெட்ரோல் போட்டுக்கொண்டு யாரும் பரமத்தி வேலூர் போக மாட்டார்கள். ஆக, அந்த அனுமானம் லாபத்தைக் கூட்டிக் காட்டுவதோடு நிற்கவில்லை. டிசைனையே தப்பான பக்கம் தள்ளுகிறது. பத்து பல் போதும் என்கிற இடத்தில் அறுபது வை என்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சின்னதாக ஒரு தோராயம் என்றால் பேசாமல் போயிருப்பேன். இது முடிவையே மாற்றுகிற தோராயம்.

“எல்லா பேப்பரிலும்தான் அப்படிப் போடுகிறார்கள்” என்று ஒரு நண்பன் சொன்னான். எல்லா பேப்பரிலும் இல்லை ராசா. லோட்டிச்சி, டி ஆண்ட்ரியா, மெங்காலி என்ற மூன்று இத்தாலியர்கள் 2002-லேயே இந்தச் சேனல் எஸ்டிமேஷனைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். அதே வருஷம் ஹாக்டர், டாம்லின்சன் இருவரும், அளக்கிற தொல்லையே வேண்டாம், ஒவ்வொரு தகவல் துடிப்போடும் ஒரு மாதிரித் துடிப்பைச் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று ஒரு வழி காட்டினார்கள். அதிலும் மைனஸ் உண்டு. ஆற்றலில் பாதி மாதிரித் துடிப்புக்கே போகும், அந்த மாதிரியும் இரைச்சலோடுதான் வந்து சேரும். ஆனால் அவர்கள் அதை மறைக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னாடியே பெரியவர்கள் செலவைச் செலவு என்று எழுதிவிட்டார்கள். நம்மிடம் வரும்போது அந்தப் பக்கம் மட்டும் கிழிந்துபோய் வருகிறது.

அந்த வைமீடியா கதை என்னாச்சு என்று கேட்பீர்கள். 802.15.3ஏ குழுவில் இரண்டு கோஷ்டி. ஒரு பக்கம் இன்டெல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வகையறா, மறுபக்கம் மோட்டோரோலாவும் அதிலிருந்து பிரிந்த ஃப்ரீஸ்கேலும். அடித்துக்கொண்டே இருந்து, 2006 ஜனவரியில் குழுவையே கலைத்துவிட்டார்கள். வயர்லெஸ் யுஎஸ்பி என்ற பேரில் கடைக்கு வந்த பொருள்கள் 480-ல் ஒரு சின்னத் துண்டைத்தான் கொடுத்தன. 2008-ல் இன்டெல் கைகழுவியது, வைக்வெஸ்ட் கம்பெனி மூடப்பட்டது. 2009-ல் வைமீடியாவும் கடையைக் கட்டியது. இதற்குக் காரணம் சேனல் பிழை மட்டும்தான் என்று சொன்னால் நானும் கள்ளக்கணக்கு எழுதுகிறவன் ஆகிவிடுவேன். கோஷ்டிச் சண்டை, சிப் விலை, வைஃபையின் வேகம் கூடியது, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் அறிவிப்பு விலைக்கும் கைக்கு வந்த விலைக்கும் இருந்த தூரம்தான் வாங்கினவனைக் கடுப்பேற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

“அதுதான் செத்துப்போச்சே, இப்ப எதுக்குப் புலம்பல்?” சாகவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டது. வேகமாகத் தகவல் அனுப்புவதை விட்டுவிட்டுத் தூரம் அளக்க வந்துவிட்டது. 2019-ல் ஐபோன் 11-ல் யு1 சிப், 2021-ல் ஏர்டேக். அதே 2021-ல், போனே கார் சாவியாக இருக்கும் டிஜிட்டல் சாவித் தரமும் வந்தது. போன் பக்கத்தில் வந்துவிட்டதா என்று கார் அளந்து பார்க்கும், வந்துவிட்டால் கதவு திறக்கும். அளப்பது எப்படி? துடிப்பு போய்வரும் நேரத்தை வைத்து. எதிரொலிகளில் முதலில் வந்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் நேர்வழி. நடுவில் ஒரு ஆள் நின்றாலும் நேர்வழித் துடிப்பு மெலிந்துபோகும், பின்னால் வரும் எதிரொலி அதைவிடப் பலமாக இருக்கும். அதனால் ரிசீவர் பெரிய முகட்டைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் சின்ன முகடு ஏதாவது இருக்கிறதா என்று பின்னோக்கித் தேடும். பார்த்தீர்களா, மறுபடி சேனல் எஸ்டிமேஷன்! பேர்தான் வேறு.

2022-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் ‘கோஸ்ட் பீக்’ என்ற பேரில் ஒரு வேலை காட்டினார்கள். 65 டாலர் விலையுள்ள ஒரு சாதாரணக் கருவியை வைத்து, சரியான நேரத்தில் இரைச்சலை ஏற்றி, ரிசீவரின் சேனல் மதிப்பீட்டில் இல்லாத ஒரு முகட்டை முளைக்க வைத்தார்கள். 12 மீட்டர் தள்ளி இருப்பதை 0 மீட்டர் என்று ஆப்பிள் யு1 சிப் நம்பியது. 12 மீட்டர் என்பது 40 நானோ செகண்ட், அவ்வளவுதான். அதிகபட்சம் 4 சதவீதத் தடவைதான் பலித்தது. நூற்றுக்கு நான்கு என்றால் குறைவுதானே என்பவர்களுக்கு: திருடன் எத்தனை தடவை முயற்சி செய்கிறான் என்பதைப் பொறுத்தது அது. கார் சலிப்பில்லாமல் அளந்துகொண்டே இருந்தால் அவனும் சலிக்காமல் நிற்பான். ‘சேனல் தெரியும் எனக் கொள்க’ என்று படித்துவிட்டு வந்த இன்ஜினியருக்கு இப்படி ஒரு திருட்டு சாத்தியம் என்றே தோன்றாது. அவன் உலகத்தில் மதிப்பீடு எப்போதும் சரி.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சேனல் மாதிரிகள் எங்கே எடுத்தவை? பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகள், ஆபீஸ்கள். 802.15.4ஏ குழு 2007 தரத்துக்காகத் தயாரித்த மாதிரிகளில் தொழிற்சாலை, திறந்தவெளி எல்லாம் சேர்த்தார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பண்ணை மாதிரியான திறந்தவெளிக்கு அவர்கள் வைத்த மாதிரி, பனி மூடிய நிலம். பனி! நாமக்கல் கோழிப்பண்ணையில்! வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு, தகரக் கூரை, ஆயிரக்கணக்கில் அசைந்துகொண்டே இருக்கிற கோழிகள். அல்லது லாரிக்கு பாடி கட்டும் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு பக்கமும் இரும்புத் தகடு. அல்ட்ரா வைட்பேண்டுக்கு எதிரொலியில் குளிப்பாட்டுகிற இடங்கள் இவை. மூட்டை எங்கே, வண்டி எங்கே, ஆள் எங்கே என்று சென்டிமீட்டர் கணக்கில் தெரிந்தால் உபயோகமாகிற இடங்களும் இவைதான். கல்லூரி கேட்டிலிருந்து பத்து நிமிஷ பஸ் தூரத்தில் இப்படி ஒரு பட்டறையை வைத்துக்கொண்டு, எவனோ அளந்து கொடுத்த சேனலை, அதையும் அளக்காமல், ‘தெரியும்’ என்று வைத்துக்கொண்டு புராஜெக்ட் முடிக்கிறோம்.

யாரைத் திட்டுவது? பசங்களை மட்டும் திட்ட மனசு வரவில்லை. கேம்பஸ் இண்டர்வியூ, அரியர், கல்விக் கடன் என்று கழுத்தைப் பிடிக்கும்போது கோடு, ரிப்போர்ட், ஸ்லைடு மூன்றையும் ஒரே பேக்கேஜாக விற்கிற புராஜெக்ட் சென்டர் வாசல்தான் தெரியும். அங்கே வாங்குகிற கோடுக்குள்ளே இந்த வரி ஏற்கெனவே இருக்கும். நான் பார்த்த இரண்டு ரிப்போர்ட்டுகளில், வேறு வேறு கல்லூரி, வேறு வேறு வருஷம், அனுமானங்கள் பகுதி எழுத்துப்பிழை உட்பட ஒரே மாதிரி இருந்தது. (இரண்டையும் திருத்திக் கொடுத்த புண்ணியவான் அடியேன்.) ஆசிரியர்களுக்கும் ஆளுக்குப் பத்து டீம். ஒவ்வொரு டீமையும் உட்கார வைத்துக் கேட்க நேரமில்லை என்பது புரிகிறது. ஆனால் வைவாவில் கேட்பதற்கு நேரம் இருக்கிறது. “எய்ம் என்ன? ஃப்யூச்சர் வொர்க் என்ன?” என்று மனப்பாடப் பதிலுக்கான கேள்வியைக் கேட்பதற்குப் பதில் இதைக் கேட்கலாமே.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் மதிக்கிறேன். படிக்கும்போது எளிமைப்படுத்தித்தான் ஆக வேண்டும், உராய்வில்லாத தளத்தில் இருந்துதானே இயற்பியல் ஆரம்பிக்கிறது என்பது. நியாயம். ஆனால் இயற்பியல் புத்தகத்தில் அடுத்த அத்தியாயம் உராய்வு. இங்கே அடுத்த அத்தியாயம் ‘முடிவுரை’. அதோடு, உராய்வில்லாத் தளத்தில் வந்த விடையை வைத்து யாரும் பிரேக் செய்து விற்பதில்லை. எங்கள் கணக்குப்பதிவியலில் முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒன்று உண்டு. வரப்போகும் லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு. அந்தக் கட்டிடத்தில் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் சரிசெய்ய லேப் வேண்டாம், கருவி வேண்டாம், செலவும் இல்லை. அந்த 2003 மாதிரிச் சேனல் அறிக்கையிலேயே மேட்லேப் புரோகிராமும் இருக்கிறது, ஒவ்வொரு வகைக்கும் நூறு சேனல்கள் கிடைக்கும். ரிசீவருக்கு நிஜ எண்களைக் கொடுக்கிற அந்த வரியைத் தூக்கிவிட்டு, முதலில் இரண்டு பைலட் அனுப்பி, வந்ததைச் சராசரி எடுத்து, அதைக் கொடுங்கள். அவ்வளவுதான் மாற்றம், ஒரு சாயங்கால வேலை. பிறகு பைலட்டை நாலாக்குங்கள், எட்டாக்குங்கள். பழைய கோடும் புதுக் கோடும் ஒரே படத்தில் வரட்டும். நடுவில் இருக்கிற இடைவெளிதான் மைனஸ். அடுத்த மார்ச்சில் ஜூனியர் எவனாவது ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்லி என்னிடம் வந்தால், அந்த இரண்டாவது கோடு இல்லாமல் நான் தொடப்போவதில்லை. இப்பவே சொல்லிட்டேன்.